பாட்டுப் பெட்டி நின்ற நேரம்

முதல் உலகப் போரில் தோற்றுச் சமாதானம் பேச வந்தவர்களுக்கு வெர்சாயில் நல்ல ஓட்டலாகத்தான் கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் வேலி, வேலிக்கு அப்பால் வேடிக்கை பார்க்கும் பிரெஞ்சுக் கூட்டம். உள்ளே நம் ஜெர்மன் பெரிய மனிதர்கள், ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதா என்று நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததாலேயே பயம் கூடிவிட்டது.

ஆகவே முக்கியமான பேச்சு வந்தால் அது வெளியே கேட்காதபடி கிராமபோன் பாட வேண்டும் என்று ஏற்பாடு. சாவி கொடுப்பது தட்டச்சுக்காரி ஹெட்விக்கின் பொறுப்பு.

ஹெட்விக்கின் கவலை வேறு. அவள் கணவன் யோஹென் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதி. ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தால்தான் விடுவார்கள். இவர்களோ தினமும் மீசையை முறுக்கிக்கொண்டு, கையெழுத்தாவது மண்ணாவது என்று குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"போடலன்னா என்னடி ஆகும்?" என்று பக்கத்து மேஜை க்ளாராவைக் கேட்டாள்.

"திரும்பவும் சண்டைதான். உன் வீட்டுக்காரர் அங்கேயே கிழவனாக வேண்டியதுதான். பேசாம சாவியக் குடு."

அன்று மாலை வழக்கறிஞர் ரோடெவால்ட் கைதிகளைப் பற்றிப் பேச்செடுத்தார். ஹெட்விக்கின் கை சாவியில் இருந்தது. காது அவர் வாயில் இருந்தது. பாட்டு இழுத்தது, முனகியது, நின்றேபோனது. பாட்டை மீறிக் கத்திப் பழகிய மனிதர் அதே தொண்டையில் முழங்கினார்:

"வெளியில முறைச்சுக்கிட்டு நிப்போம். கடைசியில கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும். வேற வழி?"

கதவு தட்டப்பட்டது. பிரெஞ்சுப் பணிப்பெண் காபியோடு வந்தாள், ஊற்றினாள், சிரித்தாள், போனாள்.

"அவளுக்கு நம்ம பாஷை தெரியுமா?" என்றார் ரோடெவால்ட், வெளுத்துப்போய்.

"தெரிஞ்சா சொல்லுவாளா, ஐயா?" என்றாள் க்ளாரா.

அவர் மெதுவாக ஹெட்விக் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ எங்க பக்கம்தானே?"

அவள் அவசரமாகக் குனிந்து கிராமபோனுக்குச் சாவி கொடுத்தாள்.

இவர்கள் எழுதி அனுப்பிய ஆட்சேபங்களுக்குச் சில வாரங்களில் எதிரிகளின் பதில் வந்தது. எங்கோ ஓரிடத்தில் நிபந்தனையைத் தளர்த்தியிருந்தார்கள், மற்றதெல்லாம் அப்படியே. கையெழுத்துப் போடாவிட்டால் படை வரும்.

"நாம பணிஞ்சிடுவோம்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் ரோடெவால்ட். பசியில் கிடக்கும் நாடு பணியும் என்பதைக் கண்டுபிடிக்க ஒட்டுக்கேட்கவா வேண்டும்? ஆனால் அதை அந்த அறையில் யார் சொல்வது? அத்தனை கண்களும் ஹெட்விக் மேல் இருந்தன.

பெரியவர்கள் சிலர் விம்மினார்கள். அவளும் அழ முயன்றாள். யோஹென் வந்துவிடுவான் என்ற நினைப்பில் உதடு தானாக விரிந்தது. பல்லைக் கடித்தாள், அடங்கவில்லை.

க்ளாரா மேஜைக்கடியில் கைக்குட்டையை நீட்டினாள்.

"மூஞ்சிய மூடிக்கோடி. பாக்குறாங்க."