வாங்குகிறவர் பக்கம்

வீடு தேடுகிறவர்கள் அவளை ‘வேண்டாம் அக்கா’ என்று சொல்லிக்கொள்வார்கள். அவள் காதுபட இல்லை. ஒருவர் இன்னொருவருக்கு அவளுடைய எண்ணைக் கொடுக்கும்போது, வேண்டாம் அக்கா என்றே பதிந்துகொள், மறக்காது என்பார்கள். ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே அவள் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வாள். காரணங்கள் பிறகு வரும். குளியலறையை ஒட்டிய சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், உள்ளே ஈரம் இருக்கிறது. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஜெனரேட்டர். பத்திரத்தில் மூன்று பேர் பெயர் இருக்கிறது, கையெழுத்துப் போட இரண்டு பேர்தான் வருகிறார்கள்.

விற்கிறவர்களுக்காக அவள் வேலை பார்ப்பதில்லை, வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான். விற்கிறவரின் தரகரே எல்லாவற்றையும் காட்டுவாரே, வாங்குகிறவனுக்கு எதற்குத் தனியாக ஓர் ஆள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அவள் தன் கதையையே சொல்வாள்.

பதினோரு வருடம் அவள் ஒரு பெரிய தரகு அலுவலகத்தில் இருந்தாள். அங்கே எல்லாமே விற்கிறவர் பக்கம். ஒருமுறை புதிதாகக் கல்யாணமான இருவர் வந்தார்கள். அக்கா அக்கா என்று அவளையே சுற்றி வந்தார்கள். மாடிப்படி ஏறும்போது அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களால் இவ்வளவுவரை புரட்ட முடியும், வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று தொகையைச் சொன்னாள். அன்று சாயங்காலமே அவள் அதை வீட்டுக்காரரிடம் சொன்னாள். சொல்லத்தான் வேண்டும், அவருக்காகத்தான் அவள் வேலை செய்தாள். அந்த இருவரும் தங்களால் முடியும் என்று சொன்ன தொகையை அப்படியே கொடுத்து வாங்கினார்கள். சாவி வாங்கிய அன்று ஒரு பெட்டி இனிப்போடு வந்து, நீங்கள் இல்லையென்றால் எங்களுக்கு இது கிடைத்திருக்காது என்றார்கள். இனிப்பை மேஜைமேலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த மாதம் வேலையை விட்டாள்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் கழித்து அவளிடம் வந்தவர்கள்தான் அந்த பஸ் ஓட்டுநரும் அவர் மனைவியும். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற வேலை. அவர்களுடைய மகள் பரீட்சைக்குப் படிப்பது வாடகை வீட்டின் மாடிப்படியில், உள்ளே இடமில்லை. ஏழு வீடுகள் பார்த்தாகிவிட்டது, ஏழுக்கும் வேண்டாம். ஓட்டுநர் பொறுமைசாலி.

“இந்த தடவையாவது வேணும்னு சொல்லுங்கக்கா, என் காதுக்கு ஒரு மாத்தமா இருக்கும்” என்றார் ஒருநாள்.

எட்டாவது வீடு ஓர் அச்சகத்துக்குப் பின்னாலிருந்த சந்தில் கடைசி வீடு. சொந்தக்காரர் ஒரு பெரியவர், மகன் வீட்டோடு போய்விட்டவர். விற்றுத் தரும் பொறுப்பை எடுத்திருந்தவர் அவளுடைய பழைய முதலாளி. வாடிக்கையாளர்களை அழைத்துப் போவதற்கு முன்னால் தான் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுவது அவள் வழக்கம். ஒரு காலை வேளையில் போனாள். முதலாளி கதவைத் திறந்துவிட்டு, வந்த அழைப்பைப் பேசிக்கொண்டே வாசலில் நின்றுவிட்டார்.

கூடம், இரண்டு அறைகள், சமையலறை. எல்லாம் அளவாக இருந்தன. சமையலறைக்குப் பின்னால் சின்னதாக ஓர் அறை. அதன் ஜன்னல் அறைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது; வெயில் உள்ளே வந்து பாதித் தரையில் கிடந்தது. சுவரில், கட்டில் போட்டால் தலைமாடு வரக்கூடிய இடத்தில், கீழே தாழ்வாக ஒரு சுவிட்ச் இருந்தது.

அவள் கணவர் எலக்ட்ரீஷியன். அடுத்தவர் வீடுகளில் அவர்கள் காட்டிய இடத்தில் சுவிட்ச் வைத்து வைத்து அலுத்துப்போனவர். கதவுப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறான், விளக்கணைக்க எழுந்து போனால் வந்த தூக்கம் போய்விடாதா என்று சாப்பிடும்போது புலம்புவார். படுத்தபடியே கையை நீட்டினால் எட்ட வேண்டும், நம் வீட்டில் பார், நான் வைக்கிறேன் என்பார். இருபத்திரண்டு வருடத்தில் ஒன்பது வாடகை வீடுகள் மாறினார்கள். நம் வீடு வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இரண்டே வாரக் காய்ச்சலில் அவர் போய்விட்டார். சேர்த்து வைத்த பணத்தை அவள் தொடவில்லை. எதற்காகச் சேர்த்தார்களோ அதைத் தனியாகச் செய்ய மனம் வரவில்லை.

சுவிட்சை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. அணைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். கட்டிலை இங்கே போடலாம், துணி அலமாரி அந்த மூலையில், மிச்ச இடத்தில் அவருடைய மர நாற்காலி என்று மனம் பாட்டுக்குச் சாமான்களை நகர்த்திக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்குள் போய் ஈரம் தேடாமல், விரிசல் தேடாமல் அவள் சும்மா உட்கார்ந்தது அன்றுதான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது முதலாளி கதவருகே நின்றிருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மனிதர்கள் வீட்டைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தே முப்பது வருடம் பிழைத்தவர்.

“இது உனக்குத்தாம்மா” என்றார். “உன் ஆளுங்களை வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. பெரியவர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“அவங்களுக்காகப் பாக்க வந்த வீடு சார்.”

“அவங்க இன்னும் பாக்கவே இல்லையே. நீ ஒரு வார்த்தை வேண்டாம்னா கேட்டுக்கப் போறாங்க. அதுதானே உன் பேரே.”

அவள் வீட்டுக்குப் போய் வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் முடியும் என்று தெரிந்தது. தெரிந்ததும் புத்தகத்தை அவசரமாக மூடினாள்.

இரண்டு நாள் கழித்து ஓட்டுநர் குடும்பத்தை அழைத்துப் போனாள். மனைவி சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வருவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் நேராகப் பின்னறைக்குப் போனாள், கூப்பிடும்வரை வரவில்லை. வெளியே வந்து மூவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை அவர்கள் கேட்டதில்லை.

அன்று மாலையே முதலாளி ஓட்டுநரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். நேரடியாக வந்தால் நடுவில் அந்த அம்மாவுக்குக் கொடுப்பது மிச்சம், அதை விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றாராம். ஓட்டுநர் அதை அப்படியே அவளிடம் வந்து சொன்னார். அவர் பெரியவருக்காகப் பேசுகிறார், எங்களுக்காகப் பேச நீங்கள் ஒருத்தர்தான், அதை மிச்சம் பிடித்து என்ன செய்ய என்றார். அவர் போன பிறகு அவள் வெகுநேரம் அதே இடத்தில் நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் அளவு நாடாவோடு சந்துக்குப் போனாள். மறுமுனையைப் பிடித்துக்கொள்ளப் பின்வீட்டுத் தையல்கார அம்மாவைக் கூப்பிட்டாள். பத்திரத்தில் நீளம் ஐம்பத்திரண்டு அடி. நாடாவில் ஐம்பத்தைந்து. திரும்பவும் அளந்தாள். பின்னறையின் மூன்றடி தையல்கார அம்மாவின் மனையில் நின்றது. அந்த அம்மா சிரித்தாள். பெரியவர் கட்டும்போது தன் மாமனார் வாய்வார்த்தையாக விட்டுக் கொடுத்தது, காகிதம் எதுவும் இல்லை, நியாயமாக ஏதாவது கொடுத்தால் எழுதித் தரத் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றாள்.

ஆக, கோளாறும் கிடைத்துவிட்டது, அதற்கு மருந்தும் கிடைத்துவிட்டது. முதல் பாதியை மட்டும் சொன்னால் போதும். பின்னறை அடுத்தவர் நிலத்தில் இருக்கிறது, வேண்டாம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர்கள் ஒன்பதாவது வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து இந்தச் சந்துக்குள் அவள் சாமான் ஏற்றிய வண்டியோடு வரலாம்.

மூன்று நாள் அவள் அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்களும் அவசரப்படுத்தவில்லை. மூன்று நாளும் வேலைக்குப் போனாள், வந்தாள், இரண்டு பேருக்கு வேண்டாம் என்றாள், தன் வாடகை அறையில் உட்கார்ந்து அந்த ஜன்னலுக்கு எந்தத் துணியில் திரை தைப்பது என்று யோசித்தாள். திரை வேண்டாம் என்று கணவர் சொல்வார் என்று தோன்றியது. நான்காம் நாள் விடுமுறை. முற்பகலில் ஓட்டுநர் வீட்டுக்குப் போனாள். படியில் உட்கார்ந்திருந்த மகள் புத்தகங்களை மடிக்கு நகர்த்தி வழிவிட்டாள்.

“வீட்டுல ஒரு கோளாறு இருக்கு. சரி பண்ணவும் வழி இருக்கு. ரெண்டையும் சொல்லிடறேன்” என்றாள். “அதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொல்லணும். அந்த வீட்டு மேல எனக்கு ஆசை வந்துடுச்சு. நானே வாங்கிக்கணும்னு. அதனால இந்த ஒரு வீட்டுக்கு என் பேச்சை நம்பாதீங்க. வேற ஆளை வெச்சுப் பாத்துக்குங்க.”

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. ஓட்டுநர் தரையைப் பார்த்தார். மூன்றடி விஷயத்தையும் தையல்கார அம்மா சொன்னதையும் அவள் விடாமல் சொல்லி முடித்தாள். படியில் மகள் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“உங்களுக்கு அவ்வளவு ஆசைன்னா நீங்களே எடுத்துக்குங்கக்கா” என்றார் ஓட்டுநர், தணிந்த குரலில். “நாங்க இன்னும் பாக்கறோம். எங்களுக்கென்ன, பழகிப்போச்சு.”

சரி என்று ஒரு சொல். அதற்கு அவள் வாய் திறக்கவும் செய்தது. மனைவி மடித்த துணியையே திரும்ப விரித்து மடிப்பதைப் பார்த்தாள்.

“இல்லைங்க” என்றாள். “உங்களுக்காகப் பாக்கப் போன வீடு. உங்களுக்கு வேணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க.”

“வேணும்” என்றாள் மனைவி, கணவர் பேசுவதற்கு முன். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தாள். “ஊசி போடும்போது எல்லாரும் வலிக்காதுன்னு சொல்லச் சொல்லித்தான் கேப்பாங்க. வலிக்கும்னு சொல்லிட்டுப் போட்டா கையை அசைக்காம குடுப்பாங்க. வேற ஆள் எதுக்கு? நீங்களே பேசுங்க.”

“வேண்டாம் அக்காவுக்கே வேணும்னு ஆயிடுச்சுன்னா வீடு நல்ல வீடுதான்” என்று ஓட்டுநர் சொல்லிவிட்டு, அந்தப் பெயரை அவள் எதிரிலேயே சொல்லிவிட்டது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள்.

அந்தப் பேரத்தில் பேசியதுபோல அவள் எந்தப் பேரத்திலும் பேசியதில்லை. மூன்றடியைப் பெரியவரே தன் செலவில் எழுதி வாங்கித் தர வேண்டும், அது கைக்கு வந்த பிறகுதான் முன்பணம் என்று நின்றாள். விலையிலும் இறங்க வைத்தாள். முப்பது வருடமாக யாரும் கேட்காத மூன்றடி என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். ஒருநாள் அலுவலகத்தில், கைக்கு வந்ததை ஏன் இப்படித் தாரை வார்க்கிறாய் என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அவள் அடுத்த காகிதத்தை எடுத்து அவர் முன் வைத்தாள்.

பதிவு முடிந்த அன்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். பின்னறை மகளுக்கு என்று ஆகியிருந்தது. கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று மனைவி கேட்டாள். அவள் காட்டினாள். தலைமாடு இந்தப் பக்கம், அப்போதுதான் சுவிட்ச் கைக்கு எட்டும் என்றாள். உட்காரச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். வேலை எதுவும் இல்லை.

அதன் பிறகு பல மாதங்கள் அந்தப் பக்கம் போக அவளுக்குக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. தெருவிலிருந்து பார்த்தால் அந்த வீட்டின் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போவாள். அவர்கள்மேல் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. வழியில் பார்த்தால் மகளின் படிப்பை விசாரிப்பாள். ஆனால் தூங்கப் போகும்போது அந்த அறையின் வெயில் வந்துவிடும். எழுந்து போய்க் கதவருகே விளக்கணைத்துவிட்டு வந்து படுப்பாள், வந்த தூக்கம் போயிருக்கும்.

ஒருவழியாகத் தனக்கென்று வீடு பார்க்க ஆரம்பித்தாள். நான்கு வீடுகள் பார்த்தாள், நான்கும் பிடித்தன. நான்காவதன் படுக்கையறைக் கூரையில் கையகல ஈரம் இருந்ததை வீட்டுக்குத் திரும்பி, அங்கே எடுத்த படத்தைப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தாள். அதற்கு நேர் கீழே நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மற்றவர்களுக்காகத் திறக்கிற கண் தனக்காகத் திறக்க மாட்டேன் என்கிறது என்று புரிந்தது.

ஊரின் மறுகோடியில் அவளைப்போலவே வாங்குகிறவர்களுக்கு மட்டும் வேலை செய்கிற ஒருவர் இருந்தார். பழைய அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்தவர். சொல்லாமல் போய் அவர் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுங்கள் என்றாள். அவர் வேடிக்கை என்று நினைத்து ஏதோ சொல்ல வந்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை எடுத்தார். எந்தப் பகுதி, எவ்வளவுவரை, மாடியா கீழ்த்தளமா என்று கேட்டார். எவ்வளவுவரை என்பதற்கு அவள் தயங்காமல் உள்ளதைச் சொன்னாள்.

“எத்தனை பேர் இருக்கப்போறீங்க?”

“ரெண்டு பேரு” என்றாள்.

அவர் எழுதவில்லை. அவள் கணவரின் சாவுக்கு வந்திருந்தவர் அவர். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

“ஒருத்திதான்” என்றாள். “எழுதிக்குங்க.”

அவர் எழுதிக்கொண்டார். வெளிச்சம் எப்போது வர வேண்டும், காலையிலா சாயங்காலமா என்று அடுத்துக் கேட்டார். அதற்கு அவள் நிறைய நேரம் பதில் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்.