மருமகள் அளந்த ஆறு

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து அந்த அழைப்பு வந்தபோது ஜிபெக் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாள். கைபேசி அடுப்படி ஜன்னலில் கிடந்தது. எடுத்தவள் மாமியார் பாத்மா.

"உதவித்தொகைக் குழுவிலேர்ந்து பேசறோம். ஜிபெக் கடைசிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை..."

"ராங் நம்பர்," என்று பாத்மா வைத்துவிட்டாள்.

மறுபடி மணி அடித்தது. "இங்க மருமக ஒருத்தி இருக்கா. மாணவி யாரும் இல்ல," என்று மறுபடியும் வைத்தாள். மூன்றாவது தடவை ஜிபெக்கே ஓடிவந்து எடுத்தாள். கையில் பால் வாளி, காலில் சாணி. பேசி முடித்துத் திரும்பினால் பாத்மா இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"குளிர்காலத்துல விண்ணப்பிச்சேன், ஆபா." அவர்கள் ஊரான கொச்கோரில் மருமகள்கள் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், பெற்ற தாயைப் போல.

"என் பையனுக்குத் தெரியுமா?"

வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்த எர்மெக், சக்கரத்துக்குள் ஏதோ தொலைந்துவிட்டதுபோல் இன்னும் ஆழமாகக் குனிந்துகொண்டான். பாத்மாவுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

ஜிபெக் நீரியல் படித்தவள். ஆறுகளில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, எப்போது பெருகும், எப்போது வற்றும் என்பதுதான் அவள் படிப்பு. வகுப்பில் முதலாவதாகத் தேறிய அதே கோடையில் கல்யாணமும் ஆகிவிட்டது. பட்டச் சான்றிதழ் கல்யாணச் சீராக வந்த மெத்தைகளோடு மெத்தையாகப் பெட்டியின் அடியில் போனது. எர்மெக் நல்லவன், குழந்தை குல்சை பிறந்தாள், ஆடுகள் குட்டி போட்டன, நாள்கள் ஓடின. ஆனாலும் பனி உருகும் பருவத்தில் ஊர்க் கால்வாய் உடைத்துக்கொண்டு வயல்களில் சேற்றை இறைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரமாக வரும். எவ்வளவு தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் அளப்பதும் இல்லை. மலையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மண்மூட்டை அடுக்குவார்கள். அந்தக் கோபத்தில்தான் விண்ணப்பித்தாள். மலைநாட்டு அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு வெளிநாட்டில் இரண்டு ஆண்டு மேற்படிப்பு, முழுச் செலவும் அவர்களுடையது, குடும்பத்தையும் கூட்டிப் போகலாம். இடங்கள் இரண்டே இரண்டு. கடைசிச் சுற்றுக்கு ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"குடும்பத்தோடயா?" என்றாள் பாத்மா. "அப்ப நான் இங்க தனியா ஆட்டுக்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கணுமா? பால் கறக்கிறது யாரு? மருமகளுங்க எல்லாம் விஞ்ஞானியாப் போயிட்டா மாட்டுக்கு யாரு புல்லு போடுறது?"

"ஆபா, இது வெறும் தேர்வுதான். கிடைக்கணும்னு ஒண்ணும் இல்ல."

"கிடைக்காது. கிடைக்காததுக்கு எதுக்குப் போற?"

ஜிபெக் வாளியைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்ததில்லை. இப்போதும் உயரவில்லை. ஆனால் தாழவும் இல்லை.

"போறேன், ஆபா."

பாத்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நானும் வர்றேன். குழந்தைய யாரு பாத்துக்குவா? இவனா? இவனுக்கு அவன் சாவியையே பாத்துக்கத் தெரியாது."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் எர்மெக்கின் காரில் கிளம்பினார்கள். வழி நெடுக பாத்மா குழந்தையிடம் மட்டுமே பேசிக்கொண்டு வந்தாள். அது அவள் திட்டுவதைவிடப் பயமாக இருந்தது ஜிபெக்குக்கு.

தேர்வு பிஷ்கெக் நகரத்துக்குத் தெற்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கில். பனி உருகி, ஓடை பழுப்பு நிறத்தில் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. கரையில் மற்ற ஐந்து பேரும் அவர்களுடைய வீட்டு ஆட்களும் நின்றார்கள். குழுத் தலைவி பேராசிரியர் தமீரா நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். குரலில் குழைவு கிடையாது.

"ஒரே கேள்வி. இந்த இடத்துல ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணி போகுது? சாயங்காலம் நாலு மணிக்குள்ள சொல்லணும். கருவிப் பெட்டி ஆளுக்கொண்ணு இருக்கு. இங்க கிடைக்கிற எதையும் பயன்படுத்தலாம், யார்கிட்டயும் கையுதவி கேக்கலாம். ஆனா யோசனையும் கணக்கும் உங்களோடதா இருக்கணும். மேல தானியங்கி அளவு நிலையம் ஒண்ணு இருக்கு. சரியான விடை எங்களுக்குத் தெரியும்."

பெட்டியைத் திறந்தார்கள். நீரின் வேகத்தை அளக்கும் சுழல்விசிறி, நாடா, கயிறு, ஒரு சின்ன மின்கடத்தல் மானி. எல்லாரும் விசிறியைத்தான் எடுத்தார்கள். எடுத்து, ஓடையைப் பார்த்து, யோசித்தார்கள். இறங்கினால் ஆளையே அடித்துக்கொண்டு போகும்.

குல்சையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள் பாத்மா. பக்கத்தில் வெயில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, ரோசா. மகன் அர்சேன் நகரத்துப் பெரிய கல்லூரி மாணவன். சொந்தமாகவே இரண்டு கருவிகள் கொண்டுவந்திருந்தான்.

"அந்த முக்காடு கட்டின பொண்ணு யாரு?" என்று ரோசா பொதுவாகக் கேட்டாள். "மருமகளுங்க எல்லாம் விஞ்ஞானியாப் போயிட்டா ஊர்ல மாட்டுக்கு யாரு புல்லு போடுறதாம்?"

பாத்மா திடுக்கிட்டாள். அவளுடைய வார்த்தை அப்படியே இன்னொரு வாயிலிருந்து வருகிறது! தன் வீட்டு அடுப்படியில் சொன்னபோது நியாயமாகப் பட்டது, இந்தப் பாறைமேல் கேட்டபோது செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

"நான் போடுவேன்," என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"மாட்டுக்கு நான் புல்லு போடுவேன்னேன். அவ என் மருமக. அவளைத் திட்டுறதுக்கு உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை உண்டு, அது நீங்க இல்ல. உங்க பையன் ஆத்தை அளக்கட்டும், நீங்க வாயை அளந்து பேசுங்க."

குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பாவாடையை உதறிவிட்டு, நேரே ஜிபெக்கிடம் போனாள்.

ஜிபெக் விசிறியைத் தொடவே இல்லை. மின்கடத்தல் மானியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடைபாலத்தில் நின்று அர்சேன் விசிறியைக் கயிற்றில் இறக்கினான். மேலிருந்து மிதந்துவந்த ஒரு பைன் கிளை கயிற்றில் மாட்டி வெடுக்கென்று இழுத்தது. கயிறு மட்டும் மேலே வந்தது. மற்றவர்கள் குச்சிகளை எறிந்து, அவை போகும் வேகத்தைப் பார்க்கக் கரையோரம் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற?" என்றாள் பாத்மா. "எல்லாரும் ஏதோ செய்யறாங்கல்ல?"

"ஆபா, எனக்கு உப்பு வேணும்."

"பசிக்குதா?"

"ஒரு மூட்டை உப்பு."

பாத்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜிபெக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயமெல்லாம் எங்கோ போயிருந்தது. "தண்ணியில உப்பு கலந்தா அதுல மின்சாரம் நல்லாப் பாயும். இந்த மானி அதைக் காட்டும். மேல உப்பைக் கொட்டி, கீழ அது எவ்வளவு நீர்த்துப்போச்சுன்னு பாத்தா, எவ்வளவு தண்ணியில கரைஞ்சுதுன்னு தெரிஞ்சிடும். சூப்புல உப்பு குறைஞ்சா தண்ணி கூடிப்போச்சுன்னு நீங்க சொல்லுவீங்கல்ல, அதேதான். ஆத்துல இறங்கவே வேண்டாம். ஓடை எவ்வளவுக்குக் கொந்தளிக்குதோ அவ்வளவுக்கு நல்லாக் கலக்கும்."

பாத்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "எவ்வளவு உப்பு?"

"பன்னிரண்டு கிலோ. சரியா நிறுத்தது."

பள்ளத்தாக்கின் வாயில், கம்பியில் கறி கோத்துச் சுடும் ஷஷ்லிக் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ஒரு குண்டு மனிதர், அட்டையால் கரியை விசிறிக்கொண்டிருந்தார். பாத்மா போய் உப்பு மூட்டையையும் கறித் தராசையும் கேட்டபோது அவர் சிரித்தார்.

"உப்பில்லாம நான் கறி சுடுறதா? என்ன அக்கா, ஊறுகாய் போடப் போறீங்களா?"

"என் மருமக ஆத்துக்கு உப்பு போடப் போறா."

"ஆத்துக்கா?"

"ஆமா. கடையைப் பூட்டிட்டு வாங்க. நாளைக்கு உங்க வாடிக்கைக்காரங்களுக்குச் சொல்ல நல்ல கதை கிடைக்கும்."

அவர் கடையை மகனிடம் விட்டுவிட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தே விட்டார். எர்மெக் தராசைச் சுமந்தான். ஜிபெக் உப்பை இரண்டு சம பங்காக நிறுத்து, ஒரு பங்கை வாளிகளில் கரைத்தாள்.

"ரெண்டு பங்கு எதுக்கு?" என்றான் எர்மெக்.

"ஒரு தடவை அளந்தா அது அளவில்ல."

அவள் மானியோடு கீழே போனாள். மேலே கரையில் எர்மெக்கும் கடைக்காரரும் வாளிகளோடு. நடுவே பாலத்தில் பாத்மா, கையில் சிவப்புத் தலைத்துணி, சைகை சொல்ல. ஜிபெக் கை தூக்கினாள். துணி பறந்தது. வாளிகள் கவிழ்ந்தன.

மானியில் எண் அசையவில்லை. பிறகு கொஞ்சம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, நின்றது. குறித்துக்கொண்டே வந்தவளின் முகம் சுருங்கியது. படம் போட்டுப் பார்த்தால் குதிரை ஏறி இறங்கிய பாதைபோல் இருந்தது. இந்த எண்ணை நம்ப முடியாது.

"தப்பாப் போச்சா?" பாத்மா மேலிருந்து கத்தினாள்.

"என் தப்புதான், ஆபா! கரையோரம் கொட்டச் சொல்லிட்டேன். அங்க சுழல் உப்பைப் பிடிச்சு வச்சுக்குது!"

குச்சி எறிந்தவர்கள் ஒவ்வொருவராக முடித்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ரோசா ஏதோ சொல்ல வாயெடுத்து, பாலத்தின்மேல் நிற்பவளைப் பார்த்து மூடிக்கொண்டாள். மிச்சம் இருந்தது ஒரு பங்கு உப்பு. அதையும் கரைத்து வைத்துவிட்டு ஜிபெக் கரையில் நடந்து நடந்து பார்த்தாள். பாலத்துக்கு நேர் கீழே, நடு ஓடையில், இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் ஒடுங்கி, வெள்ளையாகக் குமுறி விழும் இடம் ஒன்று இருந்தது.

"ஆபா, பாலத்து நடுவுலேர்ந்து. எல்லா வாளியும் ஒரே நேரத்துல. அந்த வெள்ளை நுரைக்குள்ள!"

"ஊத்தறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா?" குழந்தையைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, பாத்மா ஒரு வாளியைத் தானே தூக்கினாள். எர்மெக் இரண்டு கையிலும் இரண்டு வாளி. ஜிபெக் கை இறங்கியதும் மூன்றும் ஒன்றாகக் கவிழ்ந்தன.

எண் அசையாமல் இருந்தது. பிறகு அது ஏறியது. ஏறிக்கொண்டே போனது, வழுக்கிக்கொண்டு போவதுபோல், ஒரே சீராக. உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று, அதேபோல் சீராக இறங்கியது. ஆற்றின் உடம்புக்குள் உப்பு போய்வந்த வழி அவள் தாளில் ஒரு மலைபோல் எழுந்தது. அது எவ்வளவு அழகாக இருந்தது என்று அவளால் யாருக்கும் சொல்லியிருக்க முடியாது. கணக்குப் போட்டாள். திரும்பப் போட்டாள். எழுந்து நின்றாள்.

மற்றவர்கள் சொன்ன விடைகள் ஒன்றரை கன மீட்டரிலிருந்து ஐந்து வரை இருந்தன. அர்சேன் விசிறி போனதை மறைக்காமல் சொல்லி, ஓடையின் சரிவையும் பாறைகளின் அளவையும் வைத்து மூன்று என்றான். ஜிபெக்கின் முறை வந்தது.

"நொடிக்கு இரண்டே கால் கன மீட்டர். பத்துல ஒரு பங்கு இப்படியோ அப்படியோ இருக்கலாம்."

"ரெண்டு தடவை அளந்தீங்க. முதல் அளவு என்ன சொல்லுச்சு?" தமீராவின் கண் கூர்மையானது.

"மூணே முக்கால். அது தப்பு. உப்பு சரியாக் கலக்கல. ஏன்னு எழுதியிருக்கேன், அந்தத் தாளும் இருக்கு."

"தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"அது என்னோடதுதானே?" என்றாள் ஜிபெக்.

குழு ஒதுங்கிப் போய்ப் பேசியது. திரும்பி வந்தபோது தமீராவின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "நிலையத்துக் கணக்கு இரண்டு புள்ளி மூணு. இந்த மாதிரி ஓடையில் விசிறி உதவாதுன்னு நாங்க முன்னாடியே தெரிஞ்சுதான் குடுத்தோம். பெட்டியில இருந்த இன்னொரு கருவியை யாரு பாக்கிறாங்கன்னு பாத்தோம். முதல் இடம் ஜிபெக். ரெண்டாவது இடம் அர்சேன்."

பள்ளத்தாக்கே எதிரொலிக்கும்படி கூவியது பாத்மாதான். ஷஷ்லிக் கடைக்காரர் குல்சையைத் தலைக்குமேல் தூக்கிக் குதித்தார். எர்மெக் மனைவியை எல்லார் முன்னாலும் கட்டிக்கொண்டான். கொச்கோரில் செய்திருந்தால் ஊர் ஒரு வாரம் பேசியிருக்கும். அர்சேன் வந்து கை குலுக்கினான். "அக்கா, அங்க போய் எனக்கும் அந்த உப்பு வேலையச் சொல்லித் தரணும்." ரோசா கண்ணாடியைக் கழற்றிவிட்டு பாத்மாவிடம் தயங்கித் தயங்கி வந்தாள். பாத்மா அவளை இழுத்துத் தழுவி, "நம்ம பிள்ளைங்க ரெண்டும் ஒரே ஊருக்குப் போகுதுங்க. உங்க பையன் மெலிஞ்சிருக்கான். நல்லாச் சாப்பாடு போடச் சொல்றேன் என் மருமகளை," என்றாள்.

ஊர் திரும்பும் வழியில், மலைக் கணவாய் ஏறும்போது பின்சீட்டிலிருந்து பாத்மா மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டு வருஷம் சீக்கிரம் போயிடுமா, ஜிபெக்?"

"போயிடும், ஆபா. திரும்பி வந்து முதல்ல நம்ம கால்வாய அளப்பேன்."

"அளக்கணும். இல்லன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வாரத்துக்கு ரெண்டு தடவை போன்ல குழந்தை முகத்தக் காட்டணும். ராங் நம்பர்னு வைக்கக் கூடாது."

செய்தி காருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. இருட்டிய பிறகும் வாசல் நிறைய ஆட்கள். எர்மெக்கின் சித்தப்பா ஏற்கெனவே கடா அறுத்திருந்தார். கறி வெந்து, துணி விரித்து, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மருமகளுக்கான இடம் கதவோரம், தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். ஜிபெக் பழக்கத்தில் அங்கே போய் மண்டியிட்டாள். பாத்மா அவள் தோளைப் பிடித்து எழுப்பி, வாசலுக்கு நேர் எதிரே இருந்த மேலிடத்துக்குக் கூட்டிப் போய், இரண்டு பெரியவர்களை நகரச் சொல்லி, நடுவில் உட்கார வைத்தாள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். விருந்தில் கௌரவமானவருக்கே வைக்கும் இடுப்பெலும்புக் கறியை அவள் தட்டில் வைத்தார்கள். கதவோரம் பாத்மா தானே உட்கார்ந்து தேநீர் ஊற்றத் தொடங்கினாள்.

எல்லோரும் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஜிபெக்குக்குப் பசி எடுத்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எலும்பை இரண்டு கையாலும் எடுத்து, சிரித்துக்கொண்டே கடித்தாள்.