கால் நீட்டும் திசை

அம்மாவின் காலைத் தொங்கவிடக் கூடாது என்றால் எவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டும், இடுப்பு மட்டத்துக்கா, அதற்கும் மேலா, இதை அன்றைக்கே டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, எல்லாம் புரிந்தவள் போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தாயிற்று, இப்போது கடையில் நின்றுகொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் பாவாவின் முகத்தைப் பார்த்தால் என்ன அர்த்தம்... மோனிஷாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இந்தக் கடையை எத்தனை முறை கடந்திருப்பாள், வாசலில் நிற்கிற சக்கர நாற்காலிகளைக் கண் பார்க்கும், மனசு பார்க்காது, அது யாருக்கோ. இன்று இரண்டு நாற்காலிகள் அவளுக்காகவே விரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று சாதாரணமானது, பாதம் வைக்கிற தட்டு கீழேயே இருக்கும். இன்னொன்றில் காலைத் தாங்குகிற பகுதியை மேலே தூக்கலாம், கெண்டைக்காலுக்கு ஒரு சின்ன மெத்தை, பக்கவாட்டில் ஒரு பிடி, தூக்கின இடத்தில் அப்படியே நிற்கும். கடைக்காரர் நஜீர் அகமது பிடியை அமுக்கி இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். "உங்கம்மாவுக்கு முட்டி மடங்குமாம்மா?" முழுக்க மடங்காது. "மடங்காதுன்னா அப்புறம் இன்னாத்துக்கு ரோசனை பண்ணிகினு நிக்கிறே? இதான் வேணும். காலத் தூக்கி வெச்சாதான் வீக்கம் வடியும்." ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்திருந்த பாலமுருகன், அக்கா அனிதாவின் வீட்டுக்காரர், பாவா, சிரித்தார். "அத்தை இதுல குந்தினா ராக்கெட்டு மாதிரி இல்ல கெளம்புவாங்க." அவளுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

யோசனை என்னவென்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நஜீர் பாய் சிரிப்பாரா, சிரிக்க மாட்டார், ஆனால் அவளுக்கே சொல்ல வாய் கூசியது, டிகிரி முடித்தவள், சாயந்திரம் குரூப் ஃபோர் பரீட்சை வகுப்புக்குப் போகிறவள், போய்க்கொண்டிருந்தவள். காலையில் அம்மா தெளிவாகத்தான் சொன்னாள். "சாதா வண்டியே வாங்கிகினு வா. மலையப் பாத்து காலு நீட்டிகினு குந்தச் சொல்றியா என்னை?" கே.ஜி.கண்டிகை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்தவளை ஒரு பைக் தூக்கிப் போட்ட நாளிலிருந்து அம்மா கட்டிலில் இருக்கிறாள், இடது முழங்காலுக்குக் கீழே உள்ளே தகடு, வெளியே இன்னும் சரியாக மூடாத தையல். அந்தக் கட்டிலைக்கூட ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே திருப்பிப் போடச் சொன்னாள். ஜன்னலுக்கு நேரே முருகன் கோயில் மலை. முன்பெல்லாம் விடியும் முன் எழுந்து, கோயில் விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவாள். இப்போது தலை மலைப் பக்கம், கால் சுவர்ப் பக்கம், மலை அம்மாவின் உச்சந்தலைக்குப் பின்னால் இருக்கிறது, அம்மா அதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று... நாற்காலி வாங்கலாம் என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்தது அதனால்தானே, ஜன்னலோரம் உட்காரலாம், பார்க்கலாம். ஆனால் கால் நீட்டுகிற நாற்காலி என்றால் முகம் எந்தப் பக்கமோ பாதமும் அந்தப் பக்கம். பார்க்க வேண்டுமென்றால் காலைக் காட்ட வேண்டும். இதற்கு என்ன வழி?

வழி தேடாமலா இருந்தாள். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாகிவிட்டது. நாற்காலியைப் பக்கவாட்டில் போடலாம், அப்போது கால் சாமி படத்துக்கு நேரே போகும். மறுபக்கம் திருப்பினால் வாசல், தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாதத்தைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும், வாசலில் பாவா வந்து நின்றாலே கட்டிலில் படுத்தபடி போர்வையை இழுத்துக் காலை மூடுகிறவள் அம்மா, மாப்பிள்ளை எதிரில் இன்றுவரை காலை நீட்டியவள் இல்லை. போர்வை போட்டு மூடிக்கொண்டு மலையைப் பார்க்கலாமே என்றதற்கு, "மூடிட்டா காலு காலு இல்லன்னு ஆயிடுமாடி?" என்றாள். மிச்சம் இருப்பது சுவர். யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லாத ஒரே திசை. சுண்ணாம்பு உரிந்த அந்தச் சுவரைப் பார்த்தபடி அம்மாவை உட்கார வைப்பதற்காகவா இந்த நாற்காலி? அதற்குக் கட்டிலே போதாதா? சாதாரண நாற்காலியை வாங்கினால் கால் தொங்கும், மலை தெரியும், அம்மா சந்தோஷமாக இருப்பாள், தையல் வாய் பிளக்கும், பிளந்தால் என்ன ஆகுமென்று டாக்டர் வார்த்தையால் சொல்லவில்லை, தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அந்தக் கோட்டை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லியிருந்தால் அம்மாவே முடிவு செய்திருப்பாளே... அல்லது, போனா போவுது, காலை எடுத்துட்டா நீட்ற வேலையே இல்ல என்று சொல்லியிருப்பாள். சொல்லக்கூடியவள்தான்.

நாற்காலியின் அகலத்தை அவள் சாண் போட்டு அளப்பதைப் பார்த்து, "டேப்பு தரட்டா?" என்றார் நஜீர் பாய். "வேணாம் பாய், வீட்டு நிலைப்படிய சாணுலதான் அளந்துகினு வந்தேன்." பாவாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "கவர்மெண்ட்டு வேலை கெடைச்சா இவ தாலுக்கா ஆபீசையே சாணு போட்டு அளப்பா பாய்." வேலை. பாவா விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் அந்தச் சொல்லில்தான் அவள் முள்ளை மிதித்தவள் போல நின்றாள். விபத்துக்குப் பிறகு அவள் வகுப்புக்குப் போகவில்லை. சாயந்திரம் இ-சேவை மையத்தில் வேலை முடிந்ததும் நேரே வீடு, முகம் கழுவிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள், கீழிருந்து மேலாக மெல்ல நீவிவிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள், தலையணை அடுக்கினால் கால் சரிந்து விழுகிறது என்று முதல் நாளே அம்மா சொல்லிவிட்டாள். சரிந்துதான் விழுந்ததா? பார்க்கவில்லை. மடியில் கால் வந்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்து பேச ஆரம்பிப்பாள், எதிர்வீட்டு ரத்தினம்மாள் இன்று என்ன குழம்பு வைத்தாள் என்பது வாசனையிலேயே தெரிந்துவிட்டது, பல்லி எந்தப் பக்கம் சத்தம் போட்டது, பகல் முழுக்கத் தனியாகக் கிடந்து சேர்த்து வைத்ததையெல்லாம். மோனிஷா ஆங், ஆங் என்பாள், பாதிக்கு மேல் காதில் விழாது, இந்நேரம் வகுப்பில் எந்தப் பாடம் நடக்கும், இரண்டாவது வரிசையில் தன் இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்... கை நீவிக்கொண்டே இருக்கும். காலைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு நாற்காலி வந்துவிட்டால் மடி வேண்டியதில்லை. அப்படியென்றால் இந்த நாற்காலியை அவள் எதற்காகத் தேர்ந்தெடுக்கிறாள்? அம்மாவின் காலுக்கா, வகுப்புக்கா? டாக்டரின் கோடு இல்லாவிட்டாலும் இதையே கேட்டிருப்பாளோ? மனசைத் திறந்து பார்க்கிற கருவி இந்தக் கடையில் ஏதாவது இருக்கிறதா, ரத்தக் கொதிப்பு பார்க்கிற மெஷின் இருக்கிறது, சர்க்கரை பார்க்கிற மெஷின் இருக்கிறது.

"ஒரு வாட்டி நீயே குந்திப் பாரும்மா" என்றார் நஜீர் பாய். கூச்சமாக இருந்தது, நோயாளி இல்லாதவள் இதில் உட்காரலாமா, அபசகுனமாக ஏதாவது... என்ன புத்தி இது, அம்மாவைச் சொல்லிவிட்டு! உட்கார்ந்தாள். துணி இருக்கை லேசாக உள்வாங்கியது. அவர் குனிந்து பிடியைத் தூக்க, இடது கால் அவளுடைய சம்மதத்தைக் கேட்காமல் மேலே எழுந்தது, உள்ளங்கால் எதிரே நின்றிருந்த பாவாவின் வயிற்றுக்கு நேராகப் போய் நின்றது, அடுத்த கணம் சடாரென்று காலை இழுத்துக்கொண்டாள், தாங்கி காலியாக அந்தரத்தில் நின்றது. "இன்னாம்மா, சுட்டுட்ச்சா?" என்று பாவா சிரித்தார். சுடத்தான் செய்தது. இவ்வளவு நேரம் அம்மாவிடம் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தவள், சாமி காலைப் பார்ப்பதில்லை என்று பெரிய மனுஷி போலப் பேசத் தயார் செய்துகொண்டிருந்தவள், பாவாவுக்கு நேராக ஒரு மூச்சு நேரம் காலை வைத்திருக்க முடியவில்லையே. மறுபடி வைத்துப் பார்த்தாள், பாவா தானாகவே ஒதுங்கிக்கொண்டார். மெத்தை ரெக்ஸின், சில்லென்று இருந்தது. கால் சுகமாகத்தான் இருந்தது, பாரமே தெரியவில்லை. பிறகுதான் வேறொன்று தெரிந்தது, எதிரே யாரும் வர முடியவில்லை. நஜீர் பாய் பில் புத்தகம் எடுக்கப் போனார், பாவா போன் பார்க்கப் போனார், நீட்டிய காலின் நீளத்துக்கு முன்னால் காலியாக ஒரு இடம், அங்கே நின்று யாராவது பேசினாலும் தள்ளி நின்றுதான் பேச வேண்டும். அம்மாவின் முகத்துக்கும் தன் முகத்துக்கும் நடுவே சாயந்திரங்களில் எவ்வளவு இடைவெளி இருந்தது? கை நீட்டினால் அம்மா இவள் நெற்றி முடியை ஒதுக்கிவிடுகிற இடைவெளி. ஒதுக்கியிருக்கிறாளா? ஆமாம், நேற்றுக்கூட. அப்போது இவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள், நினைவில்லை.

"இதுவே குடுங்க பாய்." குரல் தன்னுடையது போலவே இல்லை. நஜீர் பாய் கால் தாங்கிகளைக் கழற்றித் தனியாகச் சுற்றினார், நாற்காலியை மடித்துப் பாவா ஆட்டோவின் பின்சீட்டில் செருகினார், மிச்சமிருந்த இடத்தில் அவள் ஒடுங்கி உட்கார்ந்தாள். வழி முழுக்க அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைக் கோத்துக்கொண்டு வந்தாள். மலையில் அங்கப்பிரதட்சிணம் செய்கிறவர்கள் பிராகாரம் முழுக்கப் புரள்கிறார்களே, அவர்கள் கால் எந்தப் பக்கம் போகிறதென்று முருகன் கணக்குப் பார்க்கிறாரா? இல்லையே. தொட்டிலில் கிடக்கிற பிள்ளை காலை உதைக்கிறதே, கோபித்துக்கொள்கிறாரா? இது நல்ல பதில், இதற்கு அம்மாவிடம் மறுபேச்சு இருக்காது, இருந்தால் டாக்டர் போட்ட கோட்டைச் சொல்லிவிட வேண்டியதுதான், எந்தக் குரலில் சொல்வது, இப்படி ஆரம்பிக்கலாமா... போன் அடித்தது. அம்மா.

"வாங்கிட்டியா?" வாங்கிட்டேன்மா. "எது?" அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். காலு தூக்கறதுதான்மா, நான் சொல்றத கொஞ்சம் கேளு, சாமி வந்து...  அந்தப் பக்கம் எங்கேயோ குக்கர் விசில், ரத்தினம்மாள் வீட்டிலிருந்தாக இருக்கும். திட்டப் போகிறாள், திட்டட்டும். "ஆங்" என்றாள் அம்மா கடைசியில், மெதுவாக. "அப்ப நாளைக்கு சாய்ந்தரத்துலேந்து கிளாசுக்குப் போயிடுவ இல்ல?"

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "ஏம்மா கேக்கற?"

"சும்மாதான்டி. போ, போகாம இன்னா. முடிஞ்சி வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆயிடுமா?"

 தோ வந்துடறேம்மா, வந்து பேசறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். பாவா கண்ணாடியில் பார்த்துக் கேட்டார், "இன்னாவாம்? மலைக்கு நேரா காலு நீட்ட மாட்டேன்னு கத்துதா அத்தை?"

"இல்ல பாவா" என்றாள் மோனிஷா. "அதப் பத்தி ஒண்ணுமே கேக்கல."