அம்மா அழுத பாட்டு

முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். மேடையில் 'மூணாம் மைக்' என்பார்கள். அந்த மெல்லிசைக் குழுவில் முதல் மைக் பெரிய பாடகருக்கு, இரண்டாவது அவர் மனைவிக்கு. மூன்றாவது, கோரஸுக்கும் அவர்கள் இருவரும் தண்ணீர் குடிக்க ஒதுங்கும் நேரத்துக்கும். பகலில் பாப்பா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பாள்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். அங்கே தொடங்கி ஊரெல்லாம் அவளைக் கஞ்சியம்மா என்றார்கள். கஞ்சி போடும் பிரிவிலிருந்து மேலே வந்தவள் என்பதால் வந்த பெயர் என்று அவள் எதிரில் சொல்லிக்கொள்வார்கள். உண்மையான காரணம் அவள் முகம். சுருக்கமே விழாத, விறைப்பான முகம். அப்பா மாரடைப்பில் போன அன்று வீடு முழுக்க ஆட்கள் அழுதுகொண்டிருக்க, அம்மா மட்டும் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் அவள் அழுது யாரும் பார்க்கவில்லை.

மகளின் பாட்டைப் பற்றியும் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால், "தொண்டை இருக்கு, பாடுற. இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்பாள்.

குழுவின் கீபோர்டுக்காரர் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டார். பெரிய பாடகரின் மனைவிக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை என்று பாட்டு பாப்பாவிடம் வந்தது. மெதுவான பாட்டு. இரண்டாம் சரணத்தில் குரல் உச்சிக்குப் போய்ச் சிறிது நின்று, பிறகு இருட்டில் படியிறங்குகிறவர் போல ஒவ்வொரு சுரமாகத் தடவித் தடவிக் கீழே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாப்பா அதைக் கூடத்தில் பாடிப் பழகினாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

பாடி முடித்துத் திரும்பினால், அம்மாவின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. பார்வை ஜன்னலுக்கு அப்பால் எங்கோ நின்றிருந்தது. விரல்கள் உறையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தன. எதையோ ருசி பார்ப்பது போல உதடுகள் அசைந்தன.

"அம்மா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அடுப்புல என்ன வெச்சேன்?" என்றாள். அடுப்பில் எதுவும் இல்லை.

பாப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. மறுநாள் ஒத்திகையில் கீபோர்டுக்காரரிடம்தான் முதலில் சொன்னாள்.

"அண்ணே, எங்கம்மா அழுதுட்டாங்க."

"யாரு, கஞ்சியம்மாவா? கல்லுல நார் உரிச்சிட்டியே."

அதன்பின் அந்தப் பாட்டை அவள் வீட்டில் அடிக்கடி பாடினாள். கடை முதலாளி எரிந்து விழுந்த நாளில் பாடினாள். மேடையில் வாய்ப்புக் கிடைக்காமல் திரும்பிய நாளில் பாடினாள். பெரும்பாலும் அம்மா அழுதாள். அந்தக் கண்ணீரைப் பார்த்துவிட்டால் பாப்பாவுக்கு மனசு நிறைந்துவிடும். இத்தனை வருஷம் வாயால் வராத பாராட்டு கண்ணால் வருகிறது என்று எண்ணிக்கொண்டாள். அழுது முடித்ததும் அம்மா தலைவலி என்று படுத்துவிடுவாள். சமையலில் உப்பை இரண்டு தரம் போடுவாள். அதெல்லாம் உருக்கத்தின் மிச்சம் என்றுதான் மகளுக்குப் பட்டது.

ஒருநாள் அம்மாவே, "இன்னிக்கு அந்தப் பாட்டு வேண்டாம்" என்றாள்.

"ஏம்மா, பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னு சொன்னேனா?"

அப்படியானால் பிடிக்கிறது என்றுதானே அர்த்தம். பாப்பா பாடினாள்.

இன்னொரு ஞாயிறு. அம்மா கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாப்பா குளியலறையில் அந்தப் பாட்டை வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். தலை துவட்டும்போது ஏதோ கருகும் வாடை வந்தது. துணி தீய்கிறது என்று நினைத்து ஓடினாள். அம்மா மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் நீர். வலது கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி அவளுடைய இடது புறங்கையின் மேல் இருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பாப்பா பெட்டியைத் தட்டிவிட்டாள். சற்றுப் பொறுத்துத்தான் அம்மாவுக்கு வலி தெரிந்தது. தெரிந்ததும் பல்லைக் கடித்தாளே தவிரக் கத்தவில்லை.

"சுட்டதும் கைய எடுக்கலையா?" என்று கட்டுப் போட்ட டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். "எப்படிச் சுட்டுச்சுன்னே தெரியல" என்றாள் அம்மா. அவர் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்.

நரம்பு டாக்டர், பேனா மூடியைத் திறந்து திறந்து மூடும் பழக்கமுள்ள ஒரு பெண். பாப்பா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பாட்டின் ஒலிப்பதிவைக் கொண்டுவரச் சொன்னார். அம்மாவைப் படுக்கவைத்துத் தலை முழுக்க ஒயர்களை ஒட்டினார்கள். "ரிப்பேருக்கு வந்த டிவி மாதிரி இருக்கேன்" என்றாள் அம்மா. பதிவைப் போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"நேர்ல பாடினாத்தான் வருதோ என்னவோ" என்றார் டாக்டர். "நீங்க பாடுறீங்களா?"

கைதட்டலுக்குப் பாடியிருக்கிறாள், அம்மாவின் கண்ணீருக்குப் பாடியிருக்கிறாள். ஒரு நோய் வெளியே வரட்டும் என்று அன்றுதான் பாடினாள். இரண்டாம் சரணத்தில் மேலே போய்க் கீழே இறங்கத் தொடங்கியபோது அம்மாவின் கண் நிறைந்தது. விரல்கள் போர்வையின் ஓரத்தைத் தேடிப் பிடித்தன. திரையில் அதுவரை சோம்பலாக ஊர்ந்த கோடுகள் ஒரு பக்கமாகக் குத்திட்டு எழுந்து அடர்ந்தன.

"போதும், நிறுத்துங்க" என்றார் டாக்டர்.

பிறகு வெளியே அழைத்து விளக்கினார். வலிப்பு என்றால் கைகால் வெட்டி இழுக்க வேண்டும் என்பதில்லை. சிலருக்கு இப்படி நினைவு மட்டும் நழுவும். அபூர்வமாகச் சிலருக்கு இசையே அதைத் தூண்டிவிடும். எல்லாப் பாட்டும் அல்ல, ஏதோ ஒரு பாட்டு, ஏதோ ஒரு குரல்.

"அந்த அழுகை?" என்று கேட்டாள் பாப்பா.

"அதுவும் வலிப்போட சேர்ந்ததுதான்."

"அப்ப பாட்டு அவங்க மனசைத் தொடவே இல்லையா?"

பேனா மூடி நின்றது. "பாட்டைக் கேக்குற இடம், மனசு இளகுற இடம், ஞாபகம் இருக்குற இடம், மூணும் மூளைக்குள்ள அக்கம்பக்கத்து வீடுங்க மாதிரி. ஒண்ணுல பத்தினா அடுத்ததுக்கும் போகும். உருகினதால வலிப்பு வந்துச்சா, வலிப்பு வந்ததால உருகின மாதிரி இருந்துச்சான்னு அந்தத் திரையில வந்த கோடுகளைப் பாத்து என்னால சொல்ல முடியாதும்மா."

மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். கை ஆறி, தோல் பளபளப்பாக இழுத்துக்கொண்டது. பாப்பா வீட்டில் அந்தப் பாட்டை வாயில் எடுப்பதே இல்லை. அம்மாவின் தலைக்குள் தூங்கிக்கிடந்ததை, தன்னைப் பாராட்டட்டும் என்று, தட்டித் தட்டி எழுப்பியிருக்கிறோம் என்ற எண்ணம் சோற்றில் கல்லாகக் கடிபட்டுக்கொண்டே இருந்தது. மேடையிலோ அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். அவள் பாடியாக வேண்டியிருந்தது. முன்வரிசையில் யாராவது கண்ணைத் துடைத்தால் முன்பு பூரிப்பாக இருக்கும். இப்போது அவர்கள் கைவிரல்களைப் பார்த்தாள்.

அப்படி ஒரு மாலை, நிரம்பிய அரங்கில் இரண்டாம் சரணத்தின் உச்சியில் நின்றபோது, பக்கவாட்டுத் தூணருகே அம்மாவைக் கண்டாள். அம்மா அதுவரை எந்தக் கச்சேரிக்கும் வந்ததில்லை. கைப்பையின் வார் மேல் அவள் கட்டைவிரல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

பாப்பா பாட்டை நிறுத்தினாள். வாத்தியங்கள் இன்னும் கொஞ்சம் ஓடித் தடுமாறி அடங்கின. அவள் பக்கப்படியில் இறங்கி ஓடுவதற்குள் அம்மா தூணில் சரிந்துவிட்டாள். இந்த முறை கண்ணீரோடு நிற்கவில்லை. உடம்பு முழுக்க விறைத்து உதறியது. கீபோர்டுக்காரர் தன் கோட்டைச் சுருட்டித் தலைக்கடியில் கொடுத்தார். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள்.

ஒப்பனை அறையில் அம்மா கண்விழித்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தது.

"மாத்திரை போட்டியா?"

அம்மா சுவரைப் பார்த்தாள். "ரெண்டு வாரமாப் போடல."

"உனக்கென்ன பைத்தியமா? ஏம்மா இப்படிப் பண்ற?"

"அதப் போட்டா எல்லாமே மந்தமா இருக்கு. நீ மத்த பாட்டெல்லாம் பாடுற. காதுல விழுது, உள்ள போக மாட்டேங்குது. பக்கத்து வீட்டுல யாரோ பேசுற மாதிரி இருக்கு."

"அதுக்காக?"

அம்மா நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள். கடித்த இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"அந்தப் பாட்டுல, நெனவு போறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இருக்கு பாப்பா. ஒரு மூச்சு விடுற நேரம். அப்ப உங்கப்பா செத்தது எனக்குப் புதுசாத் தெரியும். அழறேன். நெஜமாவே அழறேன். மத்த நேரத்துல அழணும்னு உட்கார்ந்து பாத்திருக்கேன். வரவே மாட்டேங்குது."

பாப்பாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். அத்தனை நாள் தனக்கென்று சேர்த்துவைத்த கண்ணீர் தனக்கு வந்ததே அல்ல.

"நான் எனக்காகன்னு நெனச்சேன்" என்றாள் கடைசியில்.

"உன் குரல்லதான வருது" என்றாள் அம்மா. "ரெகார்டு போட்டாங்களே, வந்துச்சா?"

டாக்டர் கடிந்துகொண்டார். இன்னொரு தடவை இப்படி விழுந்து தலையில் அடிபட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். மந்தம் குறையட்டும் என்று மாத்திரையை மாற்றினார். பாப்பா இனி அந்தப் பாட்டை எங்கும் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கீபோர்டுக்காரர் அதைச் சுருதி இறக்கிப் பெரிய பாடகரின் மனைவிக்குக் கொடுத்தார். பாப்பா கோரஸுக்குத் திரும்பினாள். மாத்திரையை இப்போது அவள் கையால்தான் கொடுப்பாள், அம்மா விழுங்கும்வரை நகர மாட்டாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு விடுமுறை நாளில் அம்மா கேட்டாள். "மாத்திரை போட்டிருக்கேன். இப்ப பாடலாம்ல? டாக்டரே பயமில்லன்னு சொல்லிட்டாங்க."

"டாக்டர் சொல்லுவாங்க. என்னால முடியாது."

"மெதுவா."

"முடியாதும்மா."

அம்மா வற்புறுத்தவில்லை. எழுந்து போகவும் இல்லை. தழும்பேறிய கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பாப்பாவுக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, விட்டுப் போகவும் மனம் வரவில்லை.

"அப்பா போன அன்னிக்குக் காலையில நான் வேலைக்குப் போயிருந்தேன்" என்றாள். "நீதானே கூட இருந்த? என்ன நடந்துச்சும்மா? நீ சொன்னதே இல்ல."

"என்ன நடக்கும்? சண்டைதான்." அம்மாவின் குரல் வறண்டிருந்தது. "ஜன்னலச் சாத்துன்னாரு. புழுக்கமா இருக்கு, சாத்த மாட்டேன்னேன். குளிருதுன்னாரு. யாருக்காவது இந்த வெயில்ல குளிருமான்னு கேட்டேன்."

நிறுத்தினாள். பார்வை ஜன்னலுக்குப் போனது.

"அவருக்கு நெஜமாவே குளிர்ந்திருக்கு."

பாப்பா குனிந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அம்மாவின் கண்கள் உலர்ந்தே இருந்தன. சுட்ட கையை மகளின் தலையில் வைத்துக்கொண்டு, சலவைக்கூடத்தில் வேலை சொல்லும் அதே குரலில், அடுத்து நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.