விங்கில் நின்ற கோல்கீப்பர்

முப்பத்துமூன்று வயதில் ஒரு கோல்கீப்பருக்கு ஆசை வரலாம், ஆனால் அதை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். டூகல் மெத்வன் சொல்லவில்லை. கின்லார்டியில் யார் சொல்லித்தான் எது தெரிய வேண்டும்? அந்தச் சனிக்கிழமை காலை ரொட்டிக்கடை வரிசையில் தொடங்கி சுரங்க வாசல் வரைக்கும் ஒரே பேச்சு. ஸ்காட்லாந்து அணியைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியிலிருந்து ஒரு பெரிய மனிதர் இன்றைக்கு மேட்ச் பார்க்க வருகிறார். அவர் பார்க்கப்போவது நம் டூகலை.

பாதி நிஜம்தான். கார்ஸ்டேர்ஸ் என்ற அந்த மனிதர் இரண்டு கோல்கீப்பர்களைப் பார்க்க வந்திருந்தார். ஒரு முனையில் கின்லார்டி ரோவர்ஸின் டூகல். மறு முனையில் கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்த பெரிய கிளப்பான கிளைட்ஹோமின் ரானல்ட் இம்ரி, வயது இருபத்துநான்கு. ஏப்ரலில் ஹாம்ப்டன் மைதானத்தில் இங்கிலாந்தோடு மேட்ச். கோலில் நிற்க ஒரு ஆள் வேண்டும், கமிட்டியில் பாதிப் பேர் கிழவன் என்றார்கள், பாதிப் பேர் இளையவன் என்றார்கள். ஒரு தடவை ஆடினால் போதும், நாடு ஒரு தொப்பி கொடுக்கும். குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி. தலையில் வைத்துத் தெருவில் நடக்க முடியாது, ஆனால் அது வீட்டில் இருக்கும் மனிதன் வேறு மனிதன்.

பதினோரு வருஷம் ரோவர்ஸ் கோலில் நின்றிருக்கிறான் டூகல். வாரத்தில் ஐந்து நாள் சுரங்கத்து மேல்தளத்தில் நிலக்கரியிலிருந்து கல் பொறுக்குவான், சனிக்கிழமை மஞ்சள் ஜெர்சி போடுவான். பெரிய கிளப் எதுவும் அவனைக் கேட்டதில்லை. இப்போது கேட்க வந்திருப்பது நாடே. இதை விட்டால் இன்னொரு ஏப்ரல் அவனுக்குக் கிடையாது, அதுவும் ஊருக்கே தெரியும்.

ஒன்பதாயிரம் பேர் இருக்கும் ஊரில் மைதானத்துக்குள் பன்னிரண்டாயிரம் பேர். கப் காலிறுதி அல்லவா! உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கோலுக்குப் பின்னாலிருந்த நிலக்கரிக் கழிவு மேட்டில் ஏறி நின்றுகொண்டார்கள். டிக்கெட்டும் மிச்சம், காட்சியும் ஜோர்.

மூன்றாவது நிமிஷமே டூகல் ஒரு பந்தைக் குறுக்கே பாய்ந்து தட்டிவிட்டான். பன்னிரண்டாவது நிமிஷம் இரண்டு கெஜ தூரத்திலிருந்து வந்த தலைமுட்டு. அதை எப்படிப் பிடித்தான் என்று அவனுக்கே தெரியாது. எழுந்து பார்த்தால் பந்து நெஞ்சில் இருந்தது. ஸ்டாண்டில் கார்ஸ்டேர்ஸ் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். அவர் எழுதியதை மைதானமே பார்த்தது. மேட்டிலிருந்து ஒருவன் கத்தினான்: "நல்லா எழுதுய்யா! எம் இ டி எச்! ஸ்பெல்லிங் தப்பாம எழுது!"

இருபத்தைந்தாவது நிமிஷம், ஒரு ஃபார்வர்டின் காலடியில் பாய்ந்து பந்தைப் பறித்தான் டூகல். பந்து கைக்கு வந்தது. கூடவே பூட்ஸும் கைமேல் வந்து இறங்கியது.

ட்ரெய்னர் வாளியும் பஞ்சுமாக ஓடி வந்தார். கால் உடைந்தாலும் பல் விழுந்தாலும் அவரிடம் ஒரே வைத்தியம், பச்சைத் தண்ணீர்தான். இந்தத் தடவை அவரே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல்கள் வேறு ஊருக்குப் போகிற மாதிரி திரும்பி நின்றன. ஸ்டாண்டிலிருந்து டாக்டர் இறங்கி வந்து, "அந்தப் பக்கம் பாரு" என்று சொல்லி, டூகல் பார்ப்பதற்குள் இழுத்துவிட்டார்.

"எலும்பு முறியல. மூணு வாரத்துல சரியாயிடும்," என்றார். "அதுவரைக்கும் இந்தக் கையால ஸ்பூன்கூடப் பிடிக்காத."

மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே அந்தக் காலத்தில் கிடையாது. பதினோரு பேர் இறங்கினால் அவர்களே முடிக்க வேண்டும். மேனேஜர் டல்லக் குனிந்து கேட்டார்.

"கால் ரெண்டும் நல்லா இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப ஜெர்சியக் கழட்டி கில்லிஸ்கிட்ட குடு. நீ மைதானத்தோட வலது ஓரமா, விங்குல போய் நில்லு."

"நின்னு என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. தொந்தரவா நில்லு. உன்னப் பாத்துக்க அவனுங்கள்ல ஒருத்தன் நின்னே ஆகணும்ல, அது போதும்."

டூகல் ஒரு கையாலேயே ஜெர்சியைக் கழற்றினான். பதினோரு வருஷம் காத்திருந்து, அவனைப் பார்க்க ஆள் வந்த ஒரே நாளில் இருபத்தைந்து நிமிஷம்தான் காட்ட முடிந்தது. மஞ்சள் ஜெர்சி குள்ளமான கில்லிஸுக்கு முழங்கால் வரை தொங்கியது. அவன் நடுவரிசையில் ஆடும் ஹாஃப்பேக், தலைக்கு மேல் கையைத் தூக்கிய பழக்கமே கிடையாது.

விங்கில் வந்து நின்றால், தொந்தரவுபடக்கூட யாரும் தயாராக இல்லை. எதிரணியின் தடித்த டிஃபென்டர் லோகன் அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன பெருசு, காத்து வாங்க வந்தியா?"

"ஆமா. உன் பக்கம்தான் காத்து ஜாஸ்தி வீசுது."

"பத்திரமா நில்லு. சளி புடிச்சிடப் போவுது." சொல்லிவிட்டு அவன் நடுவே போய்விட்டான். டூகல் தனியாக நின்றான்.

முதல் தடவை பந்து வந்தபோது ஓங்கி ஒரு உதை விட்டான். பதினோரு வருஷமாக கோல் வாசலிலிருந்து உதைத்த கால் அல்லவா, பந்து எல்லாத் தலைகளையும் தாண்டி, கம்பத்தையும் தாண்டி, கழிவு மேட்டில் போய் விழுந்தது. இலவசக்காரர்கள் மட்டும் கை தட்டினார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து இரண்டாம் பாதியில் நடந்தது. ரோவர்ஸ் சென்டர் ஃபார்வர்டு மூன்று பேரை ஏமாற்றி கோலே அடித்துவிட்டான்! தொப்பிகள் வானத்தில் பறந்தன. பறந்த தொப்பிகள் இறங்குவதற்குள் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டான். ஆஃப்சைடு, கோல் செல்லாது. யார்? எல்லா டிஃபென்டர்களுக்கும் பின்னால், கோலுக்கு ஆறடியில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி டூகல் மெத்வன் நின்றிருந்தான். பிறர் நின்றபோதெல்லாம் "ஆஃப்சைடு! ஆஃப்சைடு!" என்று தொண்டை கிழியக் கத்தியவன், தன் காலைக் குனிந்து பார்க்க மறந்துவிட்டான்.

"டூகல்! நீ யாருக்குடா ஆடுற?"

"அவனுக்கு ஒரு கிளைட்ஹோம் சட்டை குடுங்கப்பா!"

ஸ்டாண்டின் முன்வரிசையில் அவன் மனைவி நெட்டாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "வாய மூடுங்கடா! அவரு கோல்கீப்பர்!" அது அவனைக் காப்பாற்றச் சொன்னதா, திட்டிச் சொன்னதா என்று புரியவில்லை. அவமானத்தில் அவன் காது சிவந்தது.

அதன் பிறகு ஒழுங்காக லோகனுக்கு முன்னால் வந்து நின்றான். நின்றவனுக்கு வேறு வேலை இல்லை. ஆகவே தனக்குத் தெரிந்த வேலையைப் பார்த்தான். எதிர் கோலில் நின்ற இம்ரியைப் பார்த்தான்.

பையன் சும்மா சொல்லக் கூடாது, அபாரம். கால் ஓயாமல் சின்னச் சின்னதாய் நகர்ந்துகொண்டே இருந்தது. இடது விங்கிலிருந்து ரோவர்ஸ் ஆள் பந்தைத் தூக்கி அடித்தான். அவன் கால் பந்தைத் தொடுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பே இம்ரி கம்பத்தை விட்டு ஒரு அடி நடுவே நகர்ந்துவிட்டான். பந்து வந்தபோது அது அவன் கைக்குத்தான் வந்தது. அந்த ஓரடி! டூகலுக்கு உடம்பு சிலிர்த்தது. தலைக்கு மேலே வரும் பந்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்து வைக்கும் அடி அது. டூகலுக்கு அது வர ஏழு வருஷம் ஆயிற்று. இவனுக்கு இருபத்துநான்கு வயதில் வந்திருக்கிறது.

மறுமுனையில் கில்லிஸ் முழங்காலால் ஒன்று, முதுகால் ஒன்று, ஒரு தடவை மூக்கால் என்று தடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் மைதானம் சிரித்தது, அலறியது, அழாத குறை. பூஜ்யம், பூஜ்யம். எண்பத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது.

எண்பத்தாறாவது நிமிஷம் எவனோ அடித்த பந்து ரெஃபரியின் முதுகில் பட்டு டூகலின் காலடியில் வந்து நின்றது. லோகன் இருபது கெஜ தூரத்தில் இருந்தான். முன்னால் புல்வெளி காலி.

"ஓடு!" பன்னிரண்டாயிரம் பேர் ஒரே குரலில் கத்தினார்கள். "ஓடுடா கிழவா, ஓடு!"

ஓடினான். அடிபட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். இவ்வளவு தூரம் பந்தோடு ஓடியதே இல்லை, கோலே இவனை விட்டு நகர்ந்து போகிற மாதிரி இருந்தது. நெஞ்சு வெடித்தது. லோகன் துரத்தி வரும் மூச்சு கழுத்தில் பட்டது. நடுவே சென்டர் ஃபார்வர்டு பாய்ந்து வந்துகொண்டே கையைத் தூக்கினான். "குடு! டூகல், குடு!"

யாராக இருந்தாலும் அவனுக்குத்தான் கொடுப்பார்கள். டூகல் காலை ஓங்கினான். ஓங்கும்போது பந்தைப் பார்க்கவில்லை, இம்ரியின் காலைப் பார்த்தான்.

இம்ரி நகர்ந்தான். நடுவே, ஓரடி.

இம்ரி விட்டுப்போன அந்த ஓரடி இடத்துக்கு டூகல் அடித்தான். கம்பத்துக்கும் இம்ரிக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி, அதற்குள் பந்து நுழைந்து வலையைப் போய் முட்டியது.

கழிவு மேடே சரிந்து வந்த மாதிரி ஒரு இரைச்சல். டூகலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் கோல் போன பிறகு குனிந்து பந்தை எடுத்துத்தான் பழக்கம். ஒரு கோல் அடித்தவன் என்ன செய்வான்? குதித்தான், கத்தினான், லோகனையே கட்டிப்பிடித்தான். அவன் மேல் எட்டுப் பேர் விழுந்தார்கள். "என் கை! என் கை!" என்று அலறினான், சிரித்துக்கொண்டே அலறினான். அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை.

ஒன்றுக்குப் பூஜ்யம். கின்லார்டி ரோவர்ஸ் அரையிறுதிக்குப் போனது.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் பொதுக் குளியல் தொட்டியில் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். கில்லிஸ் மஞ்சள் ஜெர்சியைக் கழற்றமாட்டேன் என்று அதோடே தண்ணீருக்குள் இறங்கியிருந்தான். டூகல் ஒரு கையால் பூட்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கார்ஸ்டேர்ஸ் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். அவனை ஒரு ஓரமாக அழைத்துப் போனார்.

"விரல் எப்படி இருக்கு, மிஸ்டர் மெத்வன்?"

"மூணு வாரம்னாரு டாக்டர்."

"மேட்ச்சுக்கு அஞ்சு வாரம் இருக்கு." அவர் நோட்டைத் திறந்தார். "நீங்க தடுத்த ரெண்டு பந்தையும் எழுதி வெச்சிருக்கேன். நான் பாத்ததுல அது மாதிரி வேற இல்ல. கமிட்டி சரிபாதியா நிக்குது, என் ஓட்டுதான் பாக்கி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தன் பக்கத்துக் கம்பத்த ஒட்டி கோல் விடுறவனை நாங்க பொதுவா மன்னிக்கிறதில்ல. நான் ஆடினவன் இல்ல, ஸ்டாண்டுலேர்ந்து எனக்குச் சரியா தெரியல. அந்தக் கோல் இம்ரியோட தப்புதானே?"

தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. டூகலுக்கு அது நன்றாகத் தெரிந்தது. வெல்வெட் தொப்பி எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. அதைத் தொட நல்ல கைகூட வேண்டாம்.

"இல்லீங்க," என்றான்.

"இல்லையா?"

"மட்டமான கோல்கீப்பரா இருந்தா கம்பத்த ஒட்டிச் சும்மா நின்னிருப்பான். பந்து அவன் வயித்துல பட்டு வெளிய போயிருக்கும். நல்லவன்தான் முன்னாடியே நகருவான். நகருவான்னு தெரிஞ்சுதான் அங்க அடிச்சேன்." அடிபட்ட கையைப் பார்த்தான். "நான் நின்னிருந்தாலும் அதே அடிதான் வெச்சிருப்பேன். எனக்கும் கோல் விழுந்திருக்கும்."

கார்ஸ்டேர்ஸ் பென்சிலை எடுத்தார். "அப்ப நான் இம்ரி பேரத்தான் எழுதணும். புரியுதா?"

"எழுதுங்க."

அவர் போனதும் டூகலுக்குத் தன் நாக்கையே பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

வாசலில் நெட்டா காத்திருந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவன் முதுகில் தட்டினார்கள், ஒருவர் இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான ரொட்டி ஒன்றை அவன் கையில் திணித்தார். கூட்டம் கரைந்ததும் நெட்டா கேட்டாள்.

"அந்த ஆளு உள்ள வந்தாராமே. என்ன கேட்டாரு?"

சொன்னான். தான் சொன்ன பதிலையும் சொன்னான். அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"தலைய ஆட்டியிருந்தா போதுமே!"

"போதும்தான்."

"ஊமையா நின்னிருந்தாக்கூடப் போதுமே, மனுஷா!"

"போதும்தான், நெட்டா."

அவன் இடது தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "பதினோரு வருஷம்! பின்ன ஏன்யா அப்படிச் சொன்ன?"

டூகல் கையிலிருந்த ரொட்டியை அவளிடம் நீட்டினான்.

"கோல் அடிக்கிறதப் பத்திக் கேட்டிருந்தா எதையாவது அளந்து விட்டிருப்பேன். அதப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அந்த ஆளு கோல்கீப்பிங்கப் பத்திக் கேட்டுட்டாரு."