மூத்தவன் இன்னும் இணைப்பில் இருக்கிறான்

அந்த ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினோரு நாற்காலிகள். நாற்காலி என்றால் சாய்ந்து கால் நீட்டிக்கொள்கிற மாதிரியானவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இடுப்புக்கு மேல் உயரமாக ஓர் இயந்திரம். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் அதில் கிடந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். யாருக்கு எந்த நாற்காலி, போன தடவை எடை எவ்வளவு, இன்றைக்கு உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம், எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியல் கணினியில் திறக்காவிட்டால் பெரிய சிஸ்டர் ஊசியைத் தொடமாட்டார். அரை லிட்டர் கூடுதலாக எடுத்தாலும் ஆளுக்குக் கண் செருகிவிடும். அவர் பார்த்திருக்கிறார்.

பட்டியலுக்கான செயலியை எழுதியவன் மூத்தவன். அவனும் ஏழாம் நாற்காலிக்காரன்தான். திங்கள், புதன், வெள்ளி, காலைப் பிரிவு. ஒரு கையில் குழாய் ஓட, இன்னொரு கையால் மடிக்கணினியில் தட்டித் தட்டி எழுதினான். "ஒத்தக்கையால எழுதினதுக்கே இப்படி ஓடுதே, ரெண்டு கையும் குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்" என்பான். அவன் போய் எட்டு மாதம் ஆயிற்று. இப்போது அந்த வேலையைப் பார்ப்பவள் அவனுடைய தங்கை, சின்னவள்.

செயலியை அவன் உயிரோடு இருந்தபோதே கிளவுடுக்கு, அதாவது எங்கோ தூரத்தில் வாடகைக்கு ஓடும் கணினிகளுக்கு, ஏற்றிவிட்டான். ஆனால் செயலி வெறும் முகம்தான். எடையும் பெயரும் தேதியும் தங்கியிருக்கிற டேட்டாபேஸ் நிலையத்தின் பண்டக அறையில், பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பழைய கணினியில் முனகிக்கொண்டு கிடந்தது. அந்த முனகல் இப்போது இருமலாகிவிட்டது. அது ஒருநாள் நின்றால் பதினோரு நாற்காலியும் நிற்கும். அதனால் டேட்டாபேஸையும் தூரத்தில், காவல், பராமரிப்பு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் ஓரிடத்தில் வைத்து, செயலியை அதனோடு இணைத்துவிட வேண்டும். புதன்கிழமைக்குள் பழைய கணினியை எடுத்துவிடுவார்கள். இதுதான் சின்னவளின் தலைமேல் இருந்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை, நிலையத்துக்கு விடுமுறை. வீட்டு மேசையில் உட்கார்ந்து செய்தாள். இரண்டு கணினிகள் பேசிக்கொள்வது நாம் ஒரு வீட்டுக்குப் போகிற மாதிரிதான். முகவரி தெரிய வேண்டும், எந்தக் கதவு என்று தெரிய வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், ரகசியச் சொல் சொல்ல வேண்டும். அதற்கும் மேலே, வாசலில் ஒரு பட்டியல் இருக்கும். எந்த இடத்திலிருந்து வருகிறவர்களை உள்ளே விடலாம் என்று அதில் எழுதியிருக்கும். சின்னவள் அதில் இரண்டு இடங்களை மட்டும் எழுதினாள். ஒன்று, செயலி ஓடும் இடம். இன்னொன்று, அவள் வேலை செய்வதற்காக அவளுடைய வீடு.

இரண்டு காரியங்களை யோசிக்காமல் செய்தாள். பழைய டேட்டாபேஸை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தாள். அதில் நுழைய உரிமை உள்ளவர்களின் பெயர்கள் உட்பட. அந்தப் பெயர்களில் ஒன்று 'மூத்தவன்'. வீட்டில் கூப்பிடுகிற பெயரையே அண்ணன் அங்கேயும் வைத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது காரியம், டேட்டாபேஸின் முகவரிக்கு அவன் சூட்டியிருந்த பெயரை மாற்ற அவளுக்குக் கை வரவில்லை. பழைய பெயரையே புது இடத்துக்குக் காட்டித் திருப்பிவிட்டாள். வீடு மாறியது, பலகை மாறவில்லை.

மாலை நாலு மணிக்குச் செயலி புது இடத்தோடு பேசியது. முதல் கேள்விக்கே பதில் வந்தது. "அப்பாடா" என்று முதுகை நிமிர்த்தினாள்.

திங்கள் காலை ஆறு மணிக்கே பண்டக அறையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆறரைக்குக் காலைப் பிரிவு உட்கார்ந்தது. பட்டியல் சுகமாகத் திறந்தது. பெரிய சிஸ்டர் எட்டிப் பார்த்து, "பரவால்லையே, கம்ப்யூட்டரம்மா. உங்கண்ணன் காலத்துல இதுக்கு ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்றுகூடச் சொன்னார்.

பத்தரைக்கு அதே சிஸ்டர் வேறு முகத்தோடு வந்தார்.

"என்னம்மா பண்ணி வச்சே? வெள்ளையா நிக்குது. ஒன்னும் வரல."

"எப்போதிலிருந்து சிஸ்டர்?"

"எப்போதிலிருந்துன்னு ஜாதகமா எழுதறேன்? காலை ஆளுங்களைக் காகிதத்துல எழுதி அனுப்பியாச்சு. ரெண்டாம் பிரிவு பதினோரு பேரும் வந்து நிக்கறாங்க. எடை தெரியாம நான் ஊசி போடமாட்டேன், சொல்லிட்டேன்."

சின்னவள் மடிக்கணினியை இழுத்துக்கொண்டாள். செயலியைத் தட்டிப் பார்த்தாள். டேட்டாபேஸ் ஒரே பதில் சொன்னது: இடமில்லை. ஒரே நேரத்தில் இருபத்தைந்து பேர்தான் உள்ளே இருக்கலாம், இருபத்தைந்தும் நிரம்பிவிட்டது.

யார் நிரப்பியது? செயலி அப்படிச் செய்யாது. கேட்கும்போது திறந்து, பதில் வாங்கியதும் மூடிவிடும். நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்த பின்வாசல் ஒன்று உண்டு. நிலையத்தின் முகவரியையும் அவசரமாக வாசல் பட்டியலில் சேர்த்துவிட்டு, அது வழியாக உள்ளே போனாள். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

இருபத்தைந்து வரிகள் வந்தன.

மூத்தவன். மூத்தவன். மூத்தவன். மூத்தவன்.

மேலிருந்து கீழ்வரை அதே பெயர். ஆறு மணிக்கு ஒருவன், ஆறு பத்துக்கு ஒருவன், ஆறு இருபதுக்கு ஒருவன், பத்து மணிவரை பத்து நிமிடத்துக்கு ஒருவனாக வந்திருக்கிறான். வந்தவன் ஒருவனும் திரும்பிப் போகவில்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, சும்மா இருக்கிறான் என்று எழுதியிருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, அப்படியே உட்கார்ந்திருக்கிறான். கடைசியாக என்ன கேட்டான் என்பதும் இருந்தது. இருபத்தைந்து பேரும் ஒரே கேள்விதான்.

காலைப் பிரிவு, ஏழாம் நாற்காலி. வந்தாயிற்றா? முடிந்ததா?

பண்டக அறையில் பழைய கணினி இருமிற்று. சின்னவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். பஞ்சுப் பெட்டிகளைத் தவிர யாருமில்லை.

வெளியே பெரிய சிஸ்டரின் குரல், யாரையோ உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தது. யோசிக்க நேரமில்லை. ஒவ்வொரு வரியாக அறுத்தாள். அறுக்கிற கட்டளையில் அண்ணன் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. இருபத்தைந்தும் போனதும் பட்டியல் திறந்தது. "வந்துடுச்சு" என்று யாரோ அங்கே சொன்னார்கள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை. வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து ஐம்பது ஆயிற்று.

ஒரு வரி வந்தது. மூத்தவன்.

அப்போதுதான் வரியின் ஓரத்தைப் பார்த்தாள். எங்கிருந்து வருகிறான் என்று அங்கே எண்கள் இருந்தன. அந்த எண்கள் அவளுக்குத் தெரியும். நேற்று அவளே வாசல் பட்டியலில் எழுதியவை. அவள் வீடு.

வீட்டில் இருப்பது அண்ணி மட்டும். அண்ணி திரைச்சீலை தைப்பவள். கணினியைத் துடைப்பாளே தவிர தொடமாட்டாள்.

வீடு பத்து நிமிட நடை. நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது. கதவு திறந்தே இருந்தது. அண்ணி வாசலில் நின்றாள். தோளில் அளவு நாடா தொங்கியது, கையில் கைபேசி. முகத்தில் ரத்தமே இல்லை.

"சின்னு, அங்க என்ன ஆச்சு?" என்றாள் அண்ணி, இவள் வாய் திறப்பதற்குள்.

"உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"முடிஞ்சுதுன்னு வரலையே. பத்தரைக்கே வந்திருக்கணும். பதினொன்னு தாண்டிடுச்சு. அவரு நாற்காலியில இப்ப இருக்கறவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

சின்னவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணி கைபேசியை நீட்டினாள். அண்ணன் பெயரில் செய்திகள். இன்று காலை ஆறு நாற்பது: உட்கார்ந்துட்டேன். வெள்ளிக்கிழமை பத்தரை: முடிஞ்சுது, வர்றேன். வெள்ளிக்கிழமை ஆறு நாற்பது: உட்கார்ந்துட்டேன். விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. மாதம் மாதமாக.

"அவரு போனப்புறம் முதல்ல ஒரு மாசம் ஒன்னும் வரல" என்றாள் அண்ணி. "ஒரு திங்கக்கிழமை காலையில துணி வெட்டிட்டு இருந்தேன். உட்கார்ந்துட்டேன்னு வந்துச்சு. கத்திரி கோணிப்போய் ஒரு முழுத் துணியும் பாழ். கத்தவும் முடியல. யார்கிட்ட போய்ச் சொல்றது? பைத்தியம்னு சொல்லிடுவீங்க. அவரு நாற்காலியில புதுசா யாரோ உட்கார்றாங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சுது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சரி பண்ணிடுவ."

சின்னவள் எழுந்து உள்ளே போய், மூலை மூலையாகத் தேடினாள்.

தையல் இயந்திரத்துக்குப் பின்னால், நூல்கண்டு அலமாரியின் கீழ்த்தட்டில் அது இருந்தது. சோப்புப் பெட்டி அளவு ஒரு குட்டிக் கணினி. ஒரே ஒரு பச்சை விளக்கு. மூத்தவன் தன் நாட்களில் தன் நாற்காலியைப் பார்த்து, மனைவிக்குச் செய்தி அனுப்ப வைத்த பெட்டி. ஆளைக் கேட்காமல் நாற்காலியைக் கேட்கும்படி எழுதிவிட்டான். அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் தன்னைத் தவிர இன்னொருவர் உட்காருவார் என்று அவனுக்குத் தோன்றவில்லை. திறந்த இணைப்பை மூடவும் மறந்திருந்தான். பழைய கணினி தினமும் ஒருமுறை தானே அணைந்து எழும். அதில் எல்லாம் கழன்றுவிடும். பலகை மாறாததால் பெட்டி நேராகப் புது இடத்துக்கே போயிற்று; அதுவோ அணைவதே இல்லை. அதனால்தான் அங்கே அவன் கூட்டமாகச் சேர்ந்துபோனான்.

சின்னவள் இதைச் சொல்லி முடித்தபோது அண்ணி பெட்டியைப் பார்க்கவில்லை, கைபேசியைப் பார்த்தாள்.

"அப்ப, உயிரோட இருந்தப்பவும் இதுதான் அனுப்பிச்சா?"

"ஆமா அண்ணி."

"ஒரு கை சும்மாதானே இருக்கு, எனக்காக ஒவ்வொரு தடவையும் தட்டறாருன்னு நினைச்சேன். நாலு வருஷமா." சிரிப்பு வந்தது அண்ணிக்கு, பாதியில் உடைந்தது. "திருட்டுப் பய."

"முதல் தடவை அவர்தானே எழுதி வச்சாரு."

"ம். ஒரே ஒரு தடவை." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது கிடக்கட்டும். அந்த ஆளு என்ன ஆனாரு? கேளு முதல்ல."

சின்னவள் நிலையத்துக்குப் பேசினாள். பெரிய சிஸ்டர் சீறினார்: "ஏழாம் நம்பரா? லிஃப்ட் மெக்கானிக்கா? அவருக்கென்ன, பத்தரைக்கே எழுந்து போயாச்சு. 'மேல அனுப்பறது என் வேலை, நீங்க அவசரப்படாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போறாரு. காகிதத்துல இருக்கு, நீ வந்து ஏத்திக்கோ."

அண்ணி சுவரில் சாய்ந்தாள். "நல்லா இருக்காருல்ல" என்று இரண்டு தடவை கேட்டாள். ஏழு மாதமாக முகம் தெரியாத ஒருவருக்காக வாரத்தில் மூன்று நாள் பயந்திருக்கிறாள்.

சின்னவள் மடிக்கணினியைத் திறந்து, ஏழாம் நாற்காலி, முடிந்தது என்று பதிந்தாள். மணி பதினொன்று முப்பத்தெட்டு. இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள். பச்சை விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது. அண்ணியின் கையில் கைபேசி அதிர்ந்தது.

முடிஞ்சுது, வர்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள். தெரிந்தேதான் பார்த்தார்கள்.

"எடுத்துடணும் அண்ணி" என்றாள் சின்னவள். "இன்னொருத்தரோட உடம்பு விஷயத்தை இந்தப் பெட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கு. அது தப்பு. அதோட இன்னொரு தடவை நிரம்பினா அங்க பதினோரு பேர் நிப்பாங்க."

"தெரியுது. செய்."

மூத்தவன் என்ற பெயரை நீக்கச் சொல்லிக் கட்டளை எழுதினாள். டேட்டாபேஸ் மறுத்தது. நீக்க முடியாது, இந்தப் பெயருக்குச் சொந்தமானவை இங்கே இருக்கின்றன என்றது. அது பொய்யில்லை. நாற்காலிகளின் பட்டியல், எடைகளின் பட்டியல், நாட்களின் பட்டியல், எல்லாவற்றையும் உண்டாக்கியவன் அவன். ஒவ்வொன்றின் மேலும் உரிமையாளன் என்று அவன் பெயரே இருந்தது. வேறு பெயருக்கு மாற்றிவிட்டு நீக்கலாம். அவள் விரல் அதை எழுதவில்லை. பெயர் இருக்கட்டும், உள்ளே மட்டும் வரக்கூடாது என்று எழுதினாள். அதை டேட்டாபேஸ் உடனே ஏற்றுக்கொண்டது.

"ஆச்சு. இனிமே உங்களுக்கு ஒன்னும் வராது" என்றாள். "பெட்டியையும் பிடுங்கிடவா?"

அண்ணி அலமாரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"அது கேட்டா, அங்க என்ன சொல்வாங்க?"

"அனுமதி இல்லைன்னு சொல்லும். வந்தான், திருப்பி அனுப்பினோம்னு ஒரு வரி எழுதி வைக்கும். அவ்வளவுதான்."

"அந்த வரி உன் கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இருக்கட்டும்" என்றாள் அண்ணி. "உள்ள விடவேண்டாம். தட்டட்டும்."

புதன்கிழமை பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவில் அது இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. இரண்டாம் பிரிவுக்கும் பட்டியல் தடங்கலில்லாமல் திறந்தது. பெரிய சிஸ்டர் திட்டவில்லை; அதுவே அவர் பாராட்டு. லிஃப்ட் மெக்கானிக் ஏழாம் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

மதியம் சின்னவள் வீட்டுக்கு வந்தபோது அண்ணி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. இயந்திரத்தின் மிதியை மட்டும் நிறுத்தினாள்.

"வந்தாரா?"

"வந்தாரு" என்றாள் சின்னவள். "ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும். முப்பத்தேழு தடவை."

அண்ணி தலையாட்டினாள். மிதியை மறுபடி அழுத்தினாள். துணி ஊசிக்குக் கீழே நேராக ஓடியது.