பால்கனி நாரை

ஆக்லாந்து நகரத்தின் நடுவே எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன்கள்தான். ஒரு கட்டடம் முடிவதற்குள் பக்கத்தில் இன்னொன்று அதைவிட உயரமாகக் கிளம்பிவிடும். மோட்டார்வேயில் வரும்போதெல்லாம் லிசியாதே காரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, பின்னால் உட்கார்ந்திருக்கும் மகளுக்குக் கை நீட்டிக் காட்டுவான். "அது அப்பா தூக்கினது. அதுக்குப் பக்கத்துல ஒசரமா நிக்குதே, அதுவும் அப்பாதான்." கிரேன் ஓட்டுகிறவனுக்கு அந்தப் பெருமைகூட இல்லாவிட்டால் எப்படி?

அவன் மேலே கண்ணாடி அறையில் இருப்பான். கீழே பாரங்களைக் கொக்கியில் மாட்டுகிறவன் செமிசி. இருவரும் பசிபிக் கடலில் இருக்கும் டோங்கா தீவுக்காரர்கள். வாக்கி டாக்கியில் மற்றவர்களோடு இங்கிலீஷ், தங்களுக்குள் டோங்கா மொழி. மேஸ்திரிக்கும் புரியாது, பாதுகாப்பு அதிகாரிக்கும் புரியாது என்பதால் வாய்க்குப் பூட்டே இல்லை.

கட்டடத்துக்குத் தெற்கே ஒரு பழைய குடியிருப்பு. அதன் மூன்றாம் மாடி பால்கனியில் நெட்டையான வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தினமும் வந்து உட்காருவார். குச்சிக் கால்கள். மடியில் ஏதோ ஒரு கறுப்புப் பெட்டி. கட்டடம் உயர உயர அவருடைய பால்கனியில் வெயில் ஒடுங்கிக்கொண்டே வந்தது. மிச்சமிருக்கும் வெயிலைத் தேடி நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருப்பார். செமிசி அவருக்கு 'நாரை' என்று பெயர் வைத்தான்.

"டேய் செமிசி, நாரை நாற்காலியத் தூக்கிட்டாரு."

"எந்தப் பக்கம்டா?"

"இடது பக்கம். இன்னும் ரெண்டு முழம்தான். அப்புறம் செவுரு."

"அடுத்த தளம் போட்டா அதுவும் போச்சு. நாரை குளிர்ல வெறைச்சுப் போயிரும்."

"போனா என்ன? கொக்கிய எறக்கறேன், நீ பெல்ட்ட மாட்டு. நேரா கல்லறையில கொண்டுபோய் வச்சிரலாம்."

செமிசி சிரித்த சிரிப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது.

அடுத்த தளமும் வந்தது. பால்கனியில் வெயில் அறவே நின்றுபோனது. கிழவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு அப்போதும் வந்து உட்கார்ந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டோங்கா சபையில் பாடல் முடிந்ததும் போதகர், "நம்ம சிசிலியா கர்த்தருக்குள்ள தூங்கி ஒரு வருஷமாச்சு. அவங்க வீட்டுக்காரர் வந்திருக்கார்" என்றார். முன் வரிசையில் இருந்து எழுந்தவரை லிசியாதே உற்றுப் பார்த்தான். குச்சிக் கால்கள். டோங்கா வழக்கப்படி வேட்டிக்கு மேல் இடுப்பில் முறையாகக் கட்டிய பாய். நாரை.

அவர் பெயர் கோலின். டோங்காவின் வவாவு தீவில் படகு பழுதுபார்த்துக்கொண்டு இருபது வருஷம் இருந்தவராம். பேச ஆரம்பித்தார். தீவில் பிறந்தவர்கள் பேசுவது போன்ற சுத்தமான டோங்கா.

"சிசிலியா போனப்புறம் வீட்டுல நம்ம பாஷையே இல்லைங்க. நாங்க ஊர் சுத்தப் போறப்ப எடுத்துட்டுப் போற வாக்கி டாக்கி ஒண்ணு கெடந்துச்சு. ஒருநாள் சும்மா திருகினேன். ரெண்டு பசங்க டோங்காவுல பேசிச் சிரிச்சிட்டிருக்காங்க! எதிர்க் கட்டடத்துக் கிரேன்காரங்க. அன்னையில இருந்து எனக்குப் பால்கனிதான் வீடு. எனக்கும் ஒரு பேரு வச்சிருக்காங்க. நாரை!"

சபை கொல்லென்று சிரித்தது.

"சரியாத்தான் வச்சிருக்காங்க. காலப் பாத்தீங்கல்ல? அவ இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. அந்தப் பசங்களுக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க. ரொம்ப ஒசரத்துல வேல பாக்கறாங்க."

கல்லறைப் பேச்சை மட்டும் அவர் சொல்லவில்லை.

லிசியாதேயின் மனைவி தெமலெத்தி அவன் தோளில் இடித்தாள். "ஏங்க, யாருங்க அந்தக் குறும்புக்காரங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியல" என்றான். ஆலயத்துக்குள் உட்கார்ந்துகொண்டு சொன்னான். சபை முழுவதும் தலை குனிந்து அவனுக்காக வேண்டிக்கொண்டது. யாருக்காக என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

திரும்பும்போது மகள் கண்ணாடியைத் தட்டினாள். "அப்பா, உன் கட்டடம்!" அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட செமிசி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எல்லாமே கேட்டிருக்காரா? கல்லறைன்னு சொன்னதையுமா?"

"அதையும்தான்."

"அவரு பொண்டாட்டியே அங்கதானடா இருக்காங்க... இனிமே டோங்காவே வேணாம். இங்கிலீஷ்தான். அதுவும் வேலப் பேச்சு மட்டும்."

அது அவர்களுக்கு மரியாதையாகத் தோன்றியது. தூக்கு, இறக்கு, நிறுத்து. வேறு பேச்சில்லை. கிழவர் பெட்டியைத் திருகுவதை லிசியாதே மேலிருந்து பார்த்தான். உலுக்கினார். காதில் வைத்தார். உள்ளே போய்ப் புது பேட்டரி கொண்டுவந்து மாற்றினார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கிரேனை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெயிலை எடுத்தாயிற்று, இப்போது பேச்சையும் எடுத்துவிட்டோம். நாம் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளும்போது, நம்மால் நொந்தவரைத் தனியே விட்டுவிட்டு வந்ததை மறந்துவிடுகிறோம். வெட்கத்தைக் கடவுள் கொடுப்பது ஒளிந்துகொள்வதற்கு அல்ல.

தேநீர் இடைவேளை. கொக்கி காலியாகத் தொங்கியது. லிசியாதே வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தினான். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினான்.

"ஐயா... கோலின் ஐயா. கேக்குதுங்களா? நான் லிசியாதே. மேல கிரேன்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை நானும் சபையில இருந்தேன். யாருன்னு கேட்டதுக்குத் தெரியலன்னு சொல்லிட்டேன். கல்லறைன்னு சொன்னவன் நான்தான்யா. மன்னிச்சிருங்க."

கிழவர் குனிந்து பெட்டியை எடுத்தார். அதற்குள் கீழிருந்து செமிசியின் குரல் வந்தது. "நாரைன்னு பேரு வச்சது நான், ஐயா."

ஒரு கரகரப்பு. பிறகு கிழவரின் குரல், "பேட்டரிதான் போச்சுன்னு நெனச்சேன்பா. கடைக்கு வேற போயிட்டு வந்தேன்."

லிசியாதே கண்ணை மூடிக்கொண்டான்.

"சாயங்காலம் வந்து பாக்கலாங்களா, ஐயா?"

"வாங்க, வாங்க. உள்ளதான் உக்காரணும். பால்கனியில வெயில் இல்ல."

சாதாரணமாகத்தான் சொன்னார். குத்திக்காட்டும் ஆளில்லை அவர்.

இடைவேளை முடிந்தது. அடுத்த தளத்துக்கான கம்பிக் கட்டைச் செமிசி கொக்கியில் மாட்டினான். "மாட்டியாச்சு, தூக்குடா" என்றான், டோங்காவில்.

"தூக்கறேன்" என்றான் லிசியாதே. கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் விளங்கட்டும் என்று வார்த்தையை நிறுத்தி, தெளிவாகச் சொன்னான். கம்பிகள் மெல்ல மேலேறின. பால்கனியில் போர்வைக்குள் பெட்டியைக் காதோடு வைத்திருந்தவரை அவனால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை.